பிரித்து வைத்த கல்லூரி

ஒரு வாயிலை அடைப்பதற்காகவே இன்னொரு வாயிலைத் திறந்து வைக்கும் வழக்கம் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில், கறுப்பின மக்களுக்கென்று அரசாங்கத்தார் நிறுவிய கல்லூரிகளின் வரலாறு அத்தகையது. வெள்ளையர் பயிலும் கல்லூரிக்குள் அம்மக்கள் அடியெடுத்து வைக்கலாகாது என்பதற்காக எழுப்பப்பட்டவை அவை. ஆயினும் அவற்றுள் ஒன்று, எழுபது ஆண்டுகள் நிறைவதற்குள், அப்பிரிவினையின் அடித்தளத்தையே அசைத்துக் காட்டியது. வட கரோலினா மாநிலத்தில், கிரீன்ஸ்போரோ நகரத்தில் விளங்கும் வேளாண்மை, தொழில்நுட்பப் பல்கலைக் கழகமே அது. அதன் கதையை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கதை 1862-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. உழவையும் தொழிலையும் கற்பிக்கும் கல்லூரிகள் அமைப்பதற்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கும் மாரில் சட்டத்தை அமெரிக்கப் பேரவை அவ்வாண்டு இயற்றியது. வட கரோலினாவில் இதன் பயன், தலைநகராகிய ராலேயில் 1887-இல் நிறுவப்பட்ட வெள்ளையர் கல்லூரிக்கே சென்றது. 1890-இல் இரண்டாம் மாரில் சட்டம் வந்தது. நிற வேறுபாடு பாராட்டி மாணவரைச் சேர்க்கும் மாநிலங்கள், கறுப்பின மக்களுக்கெனத் தனிக் கல்லூரி அமைத்துப் பணத்தை நியாயமாகப் பங்கிட்டாலன்றி நிதி பெற இயலாது என்று அது விதித்தது. எல்லோரையும் ஒரே கல்லூரியில் சேர்ப்பது ஒரு வழி. தனிக் கல்லூரி கட்டுவது மற்றொரு வழி. வட கரோலினா இரண்டாவதைத் தேர்ந்தது. 1891-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் மாநிலச் சட்டமன்றம் கல்லூரியைத் தோற்றுவித்தது.

அதற்குச் சொந்தக் கட்டிடம் இல்லை. ராலேயில் உள்ள ஷா பல்கலைக் கழகத்தின் ஓரத்தில் தற்காலிகமாக வகுப்புகள் நடந்தன. கிரீன்ஸ்போரோ நகர மக்கள் 14 ஏக்கர் நிலமும் 11,000 டாலரும் அளிக்க முன்வந்தமையால், 1893-இல் கல்லூரி அங்கே குடிபுகுந்தது. 1896-இல் தலைமையேற்ற ஜேம்ஸ் டட்லி என்பார், அடிமைப் பெற்றோருக்கு 1859-இல் பிறந்தவர். 1925 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அதனை வளர்த்தவர் அவரே. வெள்ளையர் ஆட்சியிடம் பணம் கேட்டுப் பெறவேண்டும். அவர்கள் அஞ்சும் வண்ணம் எதுவும் பேசலாகாது. அதே வேளையில் தம் மாணவர் தலைநிமிர்ந்து நிற்கவும் கற்றாக வேண்டும். இத்தகைய கல்லூரிகளின் தலைவர் ஒவ்வொருவரும் நடந்த கயிற்றுப் பாதை இது.

மாணவர் வாழ்க்கை பண்ணையையும் பட்டறையையும் சுற்றி அமைந்தது. பயிர்த் தொழில், பால் பண்ணை, தச்சு, இயந்திர வேலை ஆகியவை முதலிடம் பெற்றன. தொடக்கத்தில் பெண்களும் பயின்றனர்; 1901-இல் அவர்களுக்கு வாயில் மூடப்பட்டது; 1928-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஒதுக்கப்பட்டவர்களுக்கென அமைந்த கல்லூரியும் தன் பங்கிற்குச் சிலரை ஒதுக்கியது என்பதை வரலாறு மறைக்காமல் சொல்ல வேண்டும். காலப்போக்கில் பொறியியலும் விஞ்ஞானமும் வேரூன்றின. பின்னாளில் இங்கே பௌதிகம் பயின்று 1971-இல் பட்டம் பெற்ற ரொனால்டு மெக்நேர், விண்வெளி வீரராகி, 1986-இல் சாலஞ்சர் விண்கலம் சிதறியபோது உயிர் நீத்தார்.

இனி, 1960-ஆம் ஆண்டுக்கு வருவோம். எஸெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், பிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்னும் நால்வர் அப்பொழுது முதலாண்டு மாணவர்கள். விடுதி அறையில் இரவு நெடுநேரம் உரையாடுவது அவர்கள் வழக்கம். அநீதியைக் கண்டும் வாளா இருப்பவன் அதற்கு உடந்தையா இல்லையா என்பதே பெரும்பாலும் பேச்சு. கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து திரும்பிய மெக்நீலுக்குப் பேருந்து நிலைய உணவகத்தில் உணவு மறுக்கப்பட்டிருந்தது. இனிப் பேசுவதில் பயனில்லை என்று நால்வரும் துணிந்தனர்.

பிப்ரவரி 1-ஆம் நாள், திங்கட்கிழமை மாலை, நகரின் ஊல்வொர்த் கடைக்குள் சென்றார்கள். பற்பசை போன்ற சில்லறைப் பொருள்களை வாங்கி, ரசீதையும் கவனமாகப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் வெள்ளையர் மட்டுமே அமரும் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து காப்பி கேட்டார்கள். இல்லை என்ற பதில் வந்தது. அதே கடையில் ஒரு மூலையில் செல்லுபடியாகும் எங்கள் காசு இன்னொரு மூலையில் செல்லாதோ என்று ரசீதைக் காட்டி வினவினார்கள். அங்கே வேலை செய்த கறுப்பினப் பெண்மணி ஒருவரே, வீண் வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள் என்று அவர்களைக் கடிந்துகொண்டார். வெள்ளைக்கார மூதாட்டி ஒருவரோ அருகில் வந்து, இதனைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டாமா என்ற கருத்தில் பேசித் தட்டிக் கொடுத்தார் என்று மெக்கெய்ன் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். மனிதரை நிறத்தால் அளப்பது தவறு என்ற பாடத்தை அந்த ஒரு மணி நேரம் அவருக்கே கற்பித்தது. காப்பி கிடைக்கவில்லை. கடை மூடும் வரை அமர்ந்திருந்து எழுந்து வந்தனர்.

மறுநாள் இருபதுக்கு மேற்பட்டோர் வந்தனர். மூன்றாம் நாள் அறுபதுக்கு மேல். அண்மையில் இருந்த பென்னட் மகளிர் கல்லூரி மாணவிகளும், வெள்ளையர் மகளிர் கல்லூரியிலிருந்து மூவரும் சேர்ந்துகொண்டனர். பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஏச்சுக்கு மறுமொழி கூறாமல் அவர்கள் அமர்ந்திருந்தனர். மாணவரை அடக்குமாறு நகரப் பெரியோர் கல்லூரித் தலைவர் வார்மத் கிப்ஸிடம் கோரினர். எப்படிச் சிந்திப்பது என்று கற்பிப்பதே எங்கள் பணி, எதைச் சிந்திப்பது என்று கட்டளையிடுவதன்று என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். அரசாங்கப் பணத்தில் நடக்கும் கல்லூரியின் தலைவர் இவ்வாறு கூறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இங்கே நம் நாட்டுடன் ஒரு தொடர்பு தோன்றுகிறது. காந்தியடிகளைப் பற்றிய தொலைக்காட்சிப் படமொன்று தம் உள்ளத்தைத் தொட்டதாகப் பிளேர் கூறியிருக்கிறார். இன்னொரு தொடர்பு மேலும் நெருக்கமானது. ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பின இளைஞர் 1953 முதல் 1956 வரை நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றி, சத்தியாக்கிரக நெறியைப் பயின்று சென்றார். டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில் அவர் மாணவர்களுக்கு அந்நெறியில் பயிற்சி அளித்து வந்தார். கிரீன்ஸ்போரோச் செய்தி எட்டியதும், அம்மாணவர்கள் பிப்ரவரி 13-ஆம் நாள் தங்கள் நகரக் கடைகளில் சென்று அமர்ந்தனர்.

கிளர்ச்சி தென் மாநிலமெங்கும் பரவியது. ஏப்ரலில் மாணவர் பிரதிநிதிகள் கூடி ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். கூடிய இடம், கிரீன்ஸ்போரோக் கல்லூரி எந்த ஓரத்தில் பிறந்ததோ அதே ஷா பல்கலைக் கழகம். ஜூலை 25-ஆம் நாள் ஊல்வொர்த் கடை பணிந்தது. முதன்முதலாக அங்கே அமர்ந்து உண்டவர்கள், அக்கடையிலேயே பிறருக்குச் சமைத்தும் பரிமாறியும் வந்த கறுப்பினப் பணியாளர்கள்.

வெற்றிக்கு விலையும் உண்டு. நால்வருள் மெக்நீல் விமானப் படையில் மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். மெக்கெய்ன் இரசாயன நிபுணரானார். ரிச்மண்டுக்கோ பட்டமும் கைகூடவில்லை; கலகக்காரர் என்ற பெயரால் சொந்த ஊரில் தக்க வேலையும் கிட்டவில்லை. 1990-இல் நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார். 1969 மே மாதத்தில், டட்லி பெயரைத் தாங்கிய உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எழுந்த மாணவர் தேர்தல் தகராறு முற்றிக் கல்லூரிக்குள் பரவியபோது, தேசியக் காவற்படை நுழைந்தது. வில்லி கிரைம்ஸ் என்ற மாணவர் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் இன்னார் என்பது இன்றளவும் துலங்கவில்லை.

1967-இல் கல்லூரி பல்கலைக் கழகமாயிற்று. எல்லாக் கல்லூரிகளின் வாயில்களும் திறந்துவிட்ட பின்னர், பிரித்து வைக்கப் பிறந்த கல்லூரி எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. மாணவரே அதற்கு விடை பகர்கின்றனர். அமெரிக்காவில் வரலாற்று முறையில் கறுப்பினத்தவருக்குரிய கல்வி நிலையங்களுள், மாணவர் தொகையால் 2014 முதல் இதுவே மிகப் பெரியது. 13,000 பேருக்கு மேல் பயில்கின்றனர். முன்பு வேறு வழியின்றி வந்தார்கள். இன்று விரும்பி வருகிறார்கள். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் பழைய மாணவர் திரளும் விழாவில், பாட்டனாரும் பேரனும் ஒரே நீலமும் பொன்னுமான சின்னத்தை அணிந்து நிற்கும் காட்சியும் அதனையே சொல்லும்.

ஆனால் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட நியாயமான பங்கு? 1987 முதல் 2020 வரையில் மட்டும், ராலே நகரத்துச் சகோதரப் பல்கலைக் கழகத்தோடு ஒப்பிட, இதற்கு மாநிலம் தந்திருக்க வேண்டிய தொகையில் இருநூறு கோடி டாலருக்கு மேல் குறைந்துள்ளது என்று கூட்டரசின் கல்வி, வேளாண்மை அமைச்சர்கள் 2023-இல் மாநில ஆளுநருக்கு எழுதினர்.

நால்வரின் சிலை இன்று பல்கலைக் கழக வளாகத்தில் நிற்கிறது. அவர்கள் கேட்ட காப்பி ஆறு மாதத்தில் கிடைத்தது. அவர்கள் பயின்ற கல்லூரி கேட்ட கணக்கு இன்னும் தீர்க்கப்படாமல் இருக்கிறது.