விரிவுக்கு இடம்: வெப்பப் பரிமாற்றிகளில் தகைவைத் தணித்தல்

ஆறு மீட்டர் நீளமுள்ள கார்பன் எஃகுக் குழாயின் வெப்பநிலையை 100 டிகிரி செல்சியஸ் உயர்த்தினால் அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். தடையின்றி நீளவிட்டால் அதனுள் தகைவு எழாது. இரு முனைகளையும் அசையாதபடி இறுக்கிவிட்டாலோ, நீளமுடியாமல் போன அந்த 7 மில்லிமீட்டரும் தகைவாக மாறி உலோகத்துக்குள் நிற்கும். யங் குணகம், விரிவெண், வெப்பநிலை வேறுபாடு மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது சுமார் 240 மெகாபாஸ்கல். சாதாரணக் கார்பன் எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லையும் ஏறத்தாழ அதுதான். இந்தப் பெருக்கலில் நீளம் வரவில்லை. எனவே, குழாயைக் குட்டையாக்கித் தப்ப முடியாது.

தடிமனைக் கூட்டித் தப்பலாமா? அழுத்தத்தைப் பொறுத்தவரை முடியும். மெல்லிய குழாய்ச் சுவர் இரு மடங்கு தடிக்கும்போது அழுத்தத் தகைவு ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் அந்தச் சுவர் வழியே முன்போலவே வெப்பம் பாய வேண்டுமானால், அதன் இரு பக்கங்களுக்கு இடையிலான வெப்பநிலை வேறுபாடும் இரு மடங்காகும். வெப்பத் தகைவும் கூடவே ஏறும். கொதிநீர் ஊற்றும்போது தடித்த கண்ணாடித் தம்ளர் முந்தி விரிசல் விடுவது இதனால்தான். அழுத்தம் தடித்த சுவரைக் கேட்கிறது. வெப்பம் மெல்லிய சுவரைக் கேட்கிறது. எங்கே இறுகப் பிடிப்பது, எங்கே நகர விடுவது என்று தீர்மானிப்பதே இத்துறையின் உயிர்நாடி என்பது என் உறுதியான எண்ணம்.

ஷெல் என்னும் வெளிக்கூடும் அதனுள் குழாய்களும் கொண்ட பரிமாற்றியில் இரண்டும் வெவ்வேறு வெப்பநிலையில் இயங்குகின்றன. இரு முனைகளிலும் டியூப் ஷீட் என்னும் துளையிட்ட தடித்த தட்டு அவற்றைச் சேர்த்துக் கட்டுகிறது. மிகுதியாக விரியும் குழாய் வளையலாம், அல்லது டியூப் ஷீட்டோடு சேரும் இணைப்பில் தளரலாம். இதற்கு மூன்று வழிகள் நிலைபெற்றுள்ளன. ஷெல்லின் நடுவே நெளிவுகளுள்ள பெல்லோஸ் வைக்கலாம். மெல்லிய அந்த நெளிவு அழுத்தத்தையும் தாங்க வேண்டும், ஒவ்வொரு விரிவிலும் வரும் உலோகக் களைப்பையும் தாங்க வேண்டும். குழாய்களை யு வடிவில் வளைக்கலாம். விரிவுச் சிக்கல் தீரும், உட்புறத் துப்புரவு கடினமாகும். ஒரு முனையின் டியூப் ஷீட்டை நகரும்படி மிதக்க விடலாம். செலவு கூடும், உள்ளே இருக்கும் கேஸ்கெட் கசிந்தால் வெளியே தெரியாது.

கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலைக்கு வடிவமைத்த நீராவி ஆக்கிகளில் இந்தச் சிந்தனையின் முதிர்ச்சியைக் காண்கிறோம். மொத்தம் எட்டு ஆக்கிகள். ஒவ்வொன்றிலும் 547 குழாய்கள். குழாயின் நீளம் 23 மீட்டர். வெளியே திரவச் சோடியம் 525 டிகிரியில் நுழைகிறது. குழாய்க்குள் நீர் ஏறத்தாழ 170 பார் அழுத்தத்தில் நீராவியாகிறது. சோடியமும் நீரும் சந்தித்தால் கடும் வினை நிகழும். இடையே நிற்பது குழாய்ச் சுவர் மட்டுமே. அதனால் ஒவ்வொரு குழாயிலும் விரிவு வளைவு ஒன்றை அமைத்தார்கள். அடுத்தடுத்த குழாய்களுக்கு இடையே வெப்பநிலை வேறுபட்டாலும் ஒவ்வொன்றும் தன் அளவுக்கு நீளலாம். குழாய்க்கு 9 சதவீதக் குரோமியமும் 1 சதவீத மாலிப்டினமும் கொண்ட மேம்பட்ட எஃகைத் தேர்ந்தார்கள். ஆஸ்டெனிட்டிக் துருவேறா எஃகைவிட அது குறைவாக விரியும், வெப்பத்தை நன்கு கடத்தும். இரண்டுமே வெப்பத் தகைவைத் தணிப்பவை. டியூப் ஷீட்டில் சிறு முகப்புகளை எழுப்பிக் குழாய் முனையோடு நேருக்கு நேர் பற்றவைத்ததால் இடுக்கே இல்லாமல் போயிற்று. பற்றவைப்பையும் கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்க முடிகிறது.

விட்டுக்கொடுப்பதற்கும் எல்லை உண்டு. கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தில் புதிதாகப் பொருத்திய நீராவி ஆக்கி ஒன்று, ஓராண்டு நிறையுமுன்பே 2012 ஜனவரி 31 அன்று கசிந்தது. யு வளைவுப் பகுதியில் பாய்ச்சலின் வேகத்தால் குழாய்கள் அதிர்ந்து ஒன்றையொன்று உரசித் தேய்ந்திருந்தன. அங்கிருந்த அதிர்வுத் தடுப்புப் பட்டைகள் வளைவின் தளத்துக்குள் நிகழ்ந்த அசைவைப் பிடிக்கவில்லை. 2013 ஜூனில் நிலையத்தையே நிரந்தரமாக மூட முடிவாயிற்று. தாங்கிகளுக்கு இடையிலான நீளத்தைப் பாதியாக்கினால் குழாயின் இயல்பு அதிர்வெண் நான்கு மடங்காகும் என்பது பாடநூல் அறிந்த உண்மை. ஆனால் தாங்கி எந்தத் திசையில் பிடிக்கிறது என்ற கேள்வியும் அதே அளவு முக்கியம். குழாய் நீளவாக்கில் தடையின்றி நகர வேண்டும்; பக்கவாட்டில் எத்திசையிலும் துள்ளக் கூடாது.

நல்ல வடிவமைப்பும் இயக்கத்தில் தோற்கலாம். ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலையில் 1998 செப்டம்பர் 25 அன்று சூடான எண்ணெய் ஓட்டம் நின்றுபோக, ஒரு பரிமாற்றி உறைநிலைக்குக் கீழே, ஏறத்தாழ மைனஸ் 48 டிகிரி வரை குளிர்ந்தது. அந்தக் குளிரில் எஃகு தன் நெகிழ்வை இழந்து நொறுங்கும் நிலையை அடைந்திருந்தது. அந்தப் பரிமாற்றிக்குள் சூடான எண்ணெயை மீண்டும் செலுத்தியபோது அது பிளந்தது. வெடிப்பிலும் தீயிலும் இருவர் இறந்தனர், எட்டுப் பேர் காயமுற்றனர். விக்டோரியா மாநிலத்துக்கு எரிவாயு வழங்கல் பல நாட்கள் நின்றது.

சீரான ஓட்டத்துக்கு மட்டும் கணக்கிட்ட வடிவம் பாதி வடிவம்தான் என்பதை லாங்ஃபோர்டு நிகழ்வு உணர்த்துகிறது. தொடக்கம், நிறுத்தம், ஒரு பக்க ஓட்டம் மட்டும் தடைப்படுதல், திடீர்க் குளிர்வு ஆகிய ஒவ்வொன்றுக்கும் உலோகத்தின் வெப்பநிலை என்னவாகும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். தடித்த டியூப் ஷீட்டின் மேற்பரப்பு திரவத்தின் வெப்பநிலையை நிமிடங்களில் பின்பற்றும்; உட்பகுதி பின்தங்கும். அந்த இடைவெளிதான் ஒவ்வொரு சுழற்சியிலும் களைப்பைச் சேர்க்கிறது. எனவே, மணிக்கு எத்தனை டிகிரி வரை சூடேற்றலாம், எந்த வெப்பநிலைக்குக் கீழே சூடான திரவத்தைச் செலுத்தக் கூடாது என்ற வரம்புகள் கணக்கு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. வரைபடத்திலும் இயக்குபவரின் கையேட்டிலும் தெளிவாக இடம்பெற வேண்டும். இளம் பொறியாளர்களிடம் நான் வேண்டுவது இதுவே: உங்கள் பரிமாற்றியை நள்ளிரவில் நிறுத்தி, விடியலில் மீண்டும் இயக்கப்போகும் மனிதருக்காகவும் கணக்கிடுங்கள்.