முதல் முப்போட்டிக்கு எங்கே போவது? – வரலாறு காட்டும் வழி



நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைநிறுத்தம் இன்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டியை ‘டிரையத்லோன்’ என்பர். தமிழில் முப்போட்டி எனலாம். ஸ்ரீ கெம்பாங்கானில் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்து, இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் நால்வர் அண்மையில் இப்போட்டி பற்றி என்னிடம் கேட்டனர். “சார், முதல் போட்டிக்கு லங்காவிக்கே போய்விடலாமா? போனால் பெரியதாகப் போக வேண்டும் அல்லவா?” என்றான் அவர்களுள் ஒருவன். நால்வரும் மிதிவண்டி நன்றாக ஓட்டுவர், ஓடவும் செய்வர். நீச்சல் என்று கேட்டால், குளத்தில் இரண்டு முறை போய் வருவதற்குள் மூச்சு வாங்கும் நிலை.

அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். எந்தப் போட்டிக்குப் பயணம் போவது என்பதற்கு விடை, அந்த விளையாட்டின் வரலாற்றிலும் நம் மக்களின் வரலாற்றிலும் இருக்கிறது என்பது என் கருத்து.

தொடங்கியது விளையாட்டாகவே

நவீன முப்போட்டியின் பிறந்த நாள் 1974 செப்தெம்பர் 25. இடம், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உள்ள மிஷன் பே என்னும் கடற்கழி. அவ்வூர்த் தடகளச் சங்கத்தைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹான் ஆகிய இருவர் அதனை ஏற்பாடு செய்தனர். நாள்தோறும் திடலைச் சுற்றி ஓடும் சலிப்பை மாற்றுவதே அவர்களின் நோக்கம். வந்தவர்கள் 46 பேர். ஓட்டம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், மிதிவண்டி 8 கிலோமீட்டர், நீச்சல் அரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதுவும் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மாலையில் தொடங்கிய போட்டியாதலால் கடைசியாக வந்தவர்களுக்கு இருட்டிவிட்டது. கார்களின் முகப்பு விளக்குகளை ஏற்றி அவர்களுக்கு வழி காட்டினர்.

கடைசியாக வந்தவருக்கும் விளக்குப் பிடித்துக் காத்திருந்த போட்டி அது. புதியவர்க்கு ஏற்ற போட்டி என்பது பிற்காலத்தில் யாரோ இரக்கப்பட்டுச் சேர்த்த சலுகை அன்று. இவ்விளையாட்டின் முதல் வடிவமே அதுதான்.

இரும்பு மனிதர் வந்த கதை

அந்த 46 பேருள் ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரியும் ஒருவர். நீச்சல் வீரர், மிதிவண்டி வீரர், ஓட்ட வீரர் ஆகியோருள் உடல்வலிமை மிக்கவர் யார் என்ற வாதம் பின்னர் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றில் எழுந்தது. அதனைத் தீர்க்க, அத்தீவில் ஏற்கெனவே நடந்துவந்த நீண்ட நீச்சல், மிதிவண்டிப் பயணம், மராத்தான் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் இணைக்கலாம் என்றார் அவர். 1978 பிப்ரவரி 18இல் முதல் ‘அயர்ன்மேன்’ நடந்தது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம். தொடங்கியவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். முதலில் வந்த கோர்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 நொடி.

1982 பிப்ரவரியில் அதே போட்டியில் முன்னணியில் இருந்த ஜூலி மோஸ் என்னும் இளம்பெண், முடிவுக் கோட்டுக்கு அருகில் கால் தளர்ந்து விழுந்து, தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சி அக்காட்சியை உலகெங்கும் கொண்டு சென்றது. அன்று முதல் முப்போட்டி என்றாலே உயிரைப் பணயம் வைக்கும் இரும்பு மனிதர்களின் களம் என்ற எண்ணம் பரவிவிட்டது. ‘போனால் பெரியதாகப் போக வேண்டும்’ என்று என் மாணவன் சொன்னதற்கும் அந்தக் காட்சியே மூலம். 1974 மறக்கப்பட்டது, 1978 நிலைத்துவிட்டது.

ஆயினும் குறுகிய போட்டி அழியவில்லை. 1989இல் அனைத்துலக முப்போட்டிக் கூட்டமைப்பு பிரான்சின் அவிஞோன் நகரில் தோன்றியது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் முப்போட்டி முதன்முதலாக இடம்பெற்றபோது எடுத்துக்கொண்ட தொலைவு 1.5, 40, 10 கிலோமீட்டர். அதில் பாதியே ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் குறும்போட்டி: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம். உலக வெற்றியாளர்களும் இத்தொலைவில் போட்டியிடுகின்றனர். ஆகவே குறும்போட்டி குறைந்த போட்டி அன்று.

நம் நாட்டிலோ, பெரியதே முதலில் புகழ் பெற்றது. லங்காவியில் 2000 முதல் 2010 வரை அயர்ன்மேன் நடைபெற்றது. இடைவெளிக்குப் பின் 2014இல் மீண்டது. 17 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டிய போட்டி அது. விமானத்திலோ கப்பலிலோ மிதிவண்டியை ஏற்றிச் செல்ல வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் பயின்றவர்க்கு அது பெருமை; முதன்முறை போகிறவர்க்கு அது வேதனை.

நமக்கும் தண்ணீருக்கும் உள்ள தொலைவு

மூன்று பிரிவுகளுள் புதியவர் அஞ்ச வேண்டியது எது? பலரும் ஓட்டம் என்பர். வரலாறு வேறு விடை சொல்கிறது. அமெரிக்க முப்போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும் திடீர் இதயநிறுத்தங்களையும் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். மொத்தம் 135 நிகழ்வுகள். அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. குளத்தில் தனியே நீந்துவது வேறு. தரை தெரியாத திறந்த நீரில், நூறு பேர் கைகால் இடிக்க நீந்துவது வேறு.

இதை நான் நம் பிள்ளைகளிடம் கூடுதலாக வலியுறுத்தக் காரணம் உண்டு. தோட்டப்புறத் தமிழர்க்கு மிதிவண்டி புதியதன்று. பால்வாளிகளை மிதிவண்டியில் கட்டி மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிய தலைமுறை நம்முடையது. ஓட்டமும் புதியதன்று, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்றாலே ஓட்டம்தான். நீச்சல் மட்டும் நம்மிடம் இல்லாமல் போயிற்று. பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகளுக்குக் குளம் கிடையாது. பிள்ளைகளுக்குக் கிடைத்த நீர், ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள். கரை ஓரம் முழங்கால் அளவு. அடுத்த அடியில் ஆள் மறையும் ஆழம்.

என்னோடு நான்காம் ஆண்டில் படித்த ஒருவன் பள்ளி விடுமுறையில் அத்தகைய குட்டையில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் எந்தத் தாயும் தன் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. எனக்கும் நீச்சல் வந்தது முப்பது வயதுக்கு மேல்தான். அந்த அச்சம் தாயிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று இறங்கி வந்திருக்கிறது.

ஸ்ரீ கெம்பாங்கானிலேயே இதற்குச் சான்று உண்டு. இன்று படகுகள் மிதக்கும் மைன்ஸ் ஏரி, உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியதன் எச்சம். குழியில் நீர் நிறைந்து ஏரியாயிற்று. பெயரில் மட்டும் சுரங்கம் மிஞ்சியிருக்கிறது.

தமிழருக்கு நீச்சல் வராது என்று எவரும் சொல்ல வேண்டா. 1954இல் மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையை இருபுறமும் நீந்தினார். பின்னர் 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். 1994இல் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் பாக்கு நீரிணையைக் கடந்தான். கடலோரத்தில் வளர்ந்தவரும் குளத்தில் முறையாகப் பயின்றவரும் நீந்தினர். தோட்டத்தில் நமக்கு இரண்டும் வாய்க்கவில்லை. வேறுபாடு குருதியில் இல்லை, வாய்ப்பில் இருக்கிறது.

போர்ட்டிக்சனா, புத்ராஜெயாவா?

ஆகவே முதல் போட்டியைப் புகழைக் கொண்டு தேர்ந்தெடுக்காதீர். நீரைக் கொண்டு தேர்ந்தெடுங்கள் என்றேன். நமக்கு அருகில் இரண்டு இடங்கள் உள்ளன.

ஒன்று போர்ட்டிக்சன். இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 1891இல் சிரம்பானிலிருந்து இருப்புப்பாதை போடப்பட்டு, ஈயம் ஏற்றும் துறைமுகமாக வளர்ந்த ஊர். 2000களில் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பலர் தம் முதல் முப்போட்டியை முடித்தது இங்கேதான். உப்புநீர் நன்னீரைவிட அடர்த்தி மிக்கது. உடல் எளிதாக மிதக்கும். குளிர்நாடுகளில் புதியவர்களை மிதக்க வைப்பது அவர்கள் அணியும் தடித்த ரப்பர் உடை. நம் வெதுவெதுப்பான நீரில் அவ்வுடைக்கு இடமில்லை. உப்பே நமக்குத் துணை. அலையும் சொறிமீனும் இருக்கலாம் என்பது அதன் குறை.

மற்றொன்று புத்ராஜெயா. அரைமணிப் பயணம்தான். 2014இல் அரை அயர்ன்மேன் போட்டியும், 2017இல் தென்கிழக்காசிய விளையாட்டின் முப்போட்டியும் அங்கே நடந்தன. ஏரிநீர் அலையற்றது, சாலைகள் அகன்றவை. ஓட்டமும் மிதிவண்டியும் மட்டுமுள்ள ‘பவர்மேன்’ இருபோட்டியும் அங்கே நடந்திருக்கிறது. ஆனால் போட்டி நாளன்றி, நினைத்த வாரத்தில் போய் இறங்கிப் பழகும் நீர் அன்று அது.

அந்த ஏரியைப் பற்றி இன்னொன்றும் என் மாணவர்களிடம் சொன்னேன். புத்ராஜெயா எழுவதற்கு முன் அங்கே இருந்தது பிராங் புசார் தோட்டம். முதல் உலகப் போரில் போரிட்ட பிரிட்டிஷ்காரர்கள் 1921இல் தொடங்கியது. மலாய்மொழியில் அப்பெயருக்குப் ‘பெரும்போர்’ என்பது பொருள். அதன் அண்டையில் கேலோவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்கள். பால்மரம் வெட்டியவர்கள் நம்மவர்கள். 1990களில் நிர்வாகத் தலைநகர்க்காக நிலம் எடுக்கப்பட்டபோது அக்குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் பெயர்ந்தன. விரிசல் விட்ட சுவர்களுக்கிடையே, தரைவீடு கேட்டுப் பல்லாண்டு காத்திருந்தன. சுவாவ் ஆற்றை அணையிட்டு, அப்பள்ளத்தாக்கில் ஏரி அமைத்தனர். ஈர நிலப் பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 650 ஹெக்டேர். நீச்சல் கற்க ஒரு குளமும் இல்லாமல் மூன்று தலைமுறை வாழ்ந்த மண்ணில் இன்று அவ்வளவு நீர் நிற்கிறது. அங்கே மிதிவண்டி ஓட்டுகிறவர் அறிந்து ஓட்ட வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

என் முடிவு

1. மிதிவண்டிப் பயிற்சிக்குப் புத்ராஜெயா. முதல் போட்டிக்குப் போர்ட்டிக்சன் குறும்போட்டி. போட்டிக்கு முன் மூன்று நான்கு முறையேனும் அந்தக் கடலிலேயே, நீந்தத் தெரிந்த துணையோடு நீந்திப் பழகலாம். இவ்வசதி லங்காவியில் நமக்கு இல்லை.

2. குளத்தில் நிற்காமல் 1000 மீட்டர் நீந்த வரும் வரை பெயர் பதிய வேண்டா. 750 மீட்டர் போட்டிக்கு அந்த மிகுதி வேண்டும்.

3. பணம் கட்டுமுன் அவ்வாண்டின் நீச்சல் வரைபடம், கால வரம்பு, காப்புப் படகுகள் ஆகியவற்றைப் பாருங்கள். பரிசுத்தொகையைப் பார்க்க வேண்டா.

4. களைத்தால் மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம். முன்னேறாத வரை உலக விதிகள் அதனை ஏற்கின்றன. இதை அறியாமல் வெட்கப்பட்டு மூழ்கத் துணிகிறவர்கள் உண்டு.

5. நெஞ்சுவலி, குடும்பத்தில் இதயநோய் இருப்பின் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நால்வருள் மூவர் இப்போது வாரம் இருமுறை குளத்துக்குப் போகின்றனர். ஒருத்தி தன் ஏழு வயது மகளையும் உடன் அழைத்துப் போகிறாள். அம்மகள் முப்போட்டிக்குப் போவாளோ மாட்டாளோ, தண்ணீரைக் கண்டு அஞ்ச மாட்டாள். பெற்றோர்களே, உங்கள் ஊர் நகராண்மைக் கழகக் குளத்தில் நீச்சல் வகுப்பு உண்டா என்று இவ்வாரமே விசாரியுங்கள்.