எந்தச் சாவு கணக்கில் சேரும்?

1863இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு தீக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. பெயர் 'ஃபயர்மேன்ஸ் ஃபண்ட்'. தீயணைக்கப் போய் உயிர்விட்டவர்களின் மனைவி மக்களுக்கு லாபத்தில் பத்து சதவீதம் தருவோம் என்று சொல்லித்தான் அந்தக் கம்பெனி கடை திறந்தது. இதில் தர்மமும் இருந்தது, வியாபாரமும் இருந்தது. அன்றைக்கு அந்த ஊர்த் தீயணைப்புப் படையினர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கம்பெனி காப்பீடு செய்த கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டியவர்களும் அவர்களே.

நியூயார்க்கில் வேறு வழி பிறந்தது. வெளிமாநிலத் தீக் காப்பீட்டுக் கம்பெனிகள் அங்கே வசூலிக்கும் பிரீமியத்தில் 2 சதவீதத்தைத் தீயணைப்பு வீரர்களின் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சட்டம் வந்தது. தீயை வைத்துச் சம்பாதிப்பவன் தீயில் வெந்தவன் வீட்டுக்குக் கொடுக்கட்டும் என்ற கணக்கு. கேட்கவே நியாயமாக இருக்கிறது.

ஆனால் ஊருக்கு ஊர் விதி மாறியது. கணவன் எந்த மாநிலத்தில் செத்தான் என்பதைப் பொறுத்தே மனைவிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது இருந்தது. அரசு விட்ட இடத்தை அக்கம்பக்கம் நிரப்பியது. 1950களின் தொடக்கத்தில் டெட்ராய்ட்டில் ஒரு காவலர் பணியில் கொல்லப்பட்டபோது, வில்லியம் பாக்கர் என்ற பான்டியாக் கார் வியாபாரி தனக்குத் தெரிந்த நூறு பேருக்குக் கடிதம் போட்டார். சேர்ந்த பணத்தில் அந்த வீட்டின் கடன் அடைந்தது. குழந்தையின் படிப்புக்கும் எடுத்து வைத்தார்கள். 'ஹண்ட்ரட் கிளப்' என்ற பெயரில் அந்த ஏற்பாடு பல நகரங்களுக்குப் பரவியது. அப்படியொரு வியாபாரி இல்லாத ஊரில் காவலர் விதவைக்கு யார் கடிதம் போடுவது?

1960களிலும் 70களிலும் காவலர்கள் கொல்லப்படுவது கூடியபோது கோரிக்கை வாஷிங்டனுக்குப் போனது. போலீசும் தீயணைப்பும் உள்ளூர் விவகாரம், மத்திய அரசு ஏன் பணம் தர வேண்டும் என்ற பழைய வாதத்தைத் தாண்டிவர ஆண்டுகள் பிடித்தன. 1976 செப்டம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், பணியில் இறந்த காவலர், தீயணைப்பு வீரர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் ஒரே தவணையில் 50,000 டாலர் என்றது. சம்பளமில்லாத் தொண்டர்களும் அதில் அடக்கம். 1988இல் அது 1 லட்சமானது. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் இரண்டரை லட்சம். விலைவாசியோடு ஏறி இப்போது 4 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

தொகை ஏறிய கதை இவ்வளவுதான். யாருக்கு, எந்தச் சாவுக்கு என்ற கேள்விதான் இழுத்துக்கொண்டே போனது. இந்தச் சட்டத்தில் ஒவ்வொரு வாசலும் யாரோ ஒருவர் செத்த பிறகுதான் திறந்திருக்கிறது.

மாரடைப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பணியிலேயே இறக்கும் தீயணைப்பு வீரர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரைக் கொல்வது நெருப்பல்ல, நெஞ்சுதான். முப்பது கிலோவுக்கு மேற்பட்ட கவசத்தையும் கருவிகளையும் சுமந்து, புகைக்குள் மாடியேறி இறங்கி, வெளியே வந்து சுருண்டு விழுவார்கள். சட்டமோ 'காயம்' கேட்டது, மாரடைப்பு நோயாயிற்றே! அதனால் பிரேதப் பரிசோதனையில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். கார்பன் மோனாக்சைடு கலப்பு பத்து சதவீதம் இருந்தால் புகைதான் கொன்றது என்று ஏற்றுக்கொண்டு பணம் தந்தார்கள். சிகரெட் பிடிப்பவராக இருந்தால் பதினைந்து. ஒன்பதோடு நின்றால்? குடும்பம் வேறு சான்று தேடி அலைய வேண்டியதுதான்.

2003 டிசம்பரில் அது மாறியது. கடுமையான பணி முடிந்து 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தால் அதைப் பணிச் சாவாகவே கொள்ளலாம் என்று புதிய சட்டம் சொன்னது. சொல்லி என்ன, விதிமுறை எழுதி முடிக்கவே 2006 ஆகிவிட்டது. 'வழக்கமான' வேலையின்போது வந்த மாரடைப்புக்குச் சலுகை இல்லை என்றொரு வரி சட்டத்திலேயே இருந்தது. தீயணைப்பதே வழக்கமான வேலையாக இருப்பவனிடம் எதை வழக்கம் என்பது? கோப்புகள் தேங்கிய விதத்தை, அவற்றைக் கையாளும் மத்திய நீதித்துறையின் தணிக்கைப் பிரிவே 2008இல் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

வாரிசு யார் என்பது இன்னொரு தகராறு. மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், இவர்கள் இல்லையென்றால் பெற்றோர். தொடக்கத்தில் பெற்றோருக்கும், அவர்கள் மகனையோ மகளையோ நம்பி வாழ்ந்திருந்தால் மட்டுமே. இந்த வரிசையில் யாரும் இல்லாத ஒருவர் இறந்தால் பணம் அரசிடமே நின்றுவிடும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தீயணைப்புத் துறையின் பாதிரியார் மைக்கல் ஜட்ஜ் வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் இறந்தார். அந்த நாளின் பலிகளில் முதலாவதாகப் பதிவானது அவருடைய பெயர். பிரான்சிஸ்கன் துறவி, மனைவி மக்கள் ஏது? அவர் பெயரால் 2002 ஜூனில் வந்த திருத்தம், துறைப் பாதிரியார்களையும் பட்டியலில் சேர்த்தது. ஆயுள் காப்பீட்டில் இறந்தவர் எழுதிவைத்த நபருக்குப் பணம் போகலாம் என்றும் வழிவிட்டது. ஒரே பாலின இணையர் மத்திய அரசின் இறப்புத் தொகையைப் பெற முடிந்தது இதன் வழியாகத்தான். துறவி ஒருவரின் சாவு திறந்துவிட்ட கதவு அது.

2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னல் குன்றில் காட்டுத்தீ சூழ்ந்து 19 வீரர்கள் மாண்டார்கள். எல்லோரும் பிரெஸ்காட் நகராட்சியின் ஒரே குழு, ஒரே நாள், ஒரே பள்ளத்தாக்கு. மத்திய அரசின் தொகையான சுமார் 3,28,000 டாலருக்கு 19 குடும்பங்களுக்கும் உரிமை இருந்தது. நகராட்சி தரவேண்டிய ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் அப்படி இல்லை. 13 பேர் பருவகாலத் தற்காலிகப் பணியாளர்கள் என்று கையை விரித்தார்கள். குடும்பங்கள் ஓய்வூதியக் குழுவரை போய் வாதாட வேண்டியிருந்தது.

தற்கொலை என்றால் இல்லை என்ற விதி 1976இலேயே எழுதப்பட்டது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தை முற்றுகையிட்ட கூட்டத்தைத் தடுத்து நின்ற காவலர்களில் சிலர் அடுத்த நாள்களிலும் மாதங்களிலும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2022 ஆகஸ்டில் சட்டம் திருத்தப்பட்டது. கொடூரமான நிகழ்வைப் பணியில் எதிர்கொண்ட 45 நாள்களுக்குள் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், அதைப் பணியால் வந்த சாவாகவே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கெடுவைத் தாண்டிய மரணத்துக்குக் காரணத்தை நிரூபிக்கும் சுமை இன்னும் குடும்பத்தின் தலையில்தான்.