நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரமா? பில் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிச்சாச்சு. மண்டபம், சாப்பாடு எல்லாம் பெரியவங்க பார்த்துப்பாங்க. மோதிரம் மட்டும் உங்க சாய்ஸா? தங்கம்னா அன்றைய கிராம் விலையை போனிலேயே பார்த்துடலாம். வைரத்துக்கு அப்படி ஒரே விலை கிடையாது. பார்க்க ஒரே அளவில் இருக்கும் இரண்டு கற்களின் விலை, மடங்குக் கணக்கில் வேறுபடும். காரணம் தெரியாமல் கார்டை நீட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான். கவனிக்க வேண்டியவை நான்கு: கட், கலர், கிளாரிட்டி, காரட்.

கட்: இதில் சமரசம் வேண்டாம்

வைரம் மின்னுவது பட்டை தீட்டிய விதத்தால்தான். வட்ட வைரத்தில் வழக்கமாக 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். கோணங்கள் சரியாக இருந்தால், உள்ளே போகும் ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வரும். அடிப்பாகம் அதிக ஆழமாகவோ, தட்டையாகவோ இருந்தால் ஒளி வெளியே கசிந்து கல் மங்கலாகிவிடும். சான்றிதழில் கட் 'எக்ஸலன்ட்', குறைந்தபட்சம் 'வெரி குட்' என்று இருக்கட்டும். கடையின் ஸ்பாட்லைட்டில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும். அதனால் ஜன்னல் பக்கம் போய், சாதாரண வெளிச்சத்திலும் பாருங்க.

கலர்: தங்கத்தைப் பொறுத்தது

நிறத்தை டி முதல் இசட் வரை தரம் பிரிக்கிறார்கள். டி, இ, எஃப் நிறமற்றவை; ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. மஞ்சள் தங்க மோதிரம் என்றால் ஜி, எச் தாராளமாகப் போதும். லேசான மஞ்சள் சாயலைத் தங்கமே மறைத்துவிடும். பிளாட்டினம், வெள்ளைத் தங்கம் என்றால் கொஞ்சம் மேலே போகலாம்.

கிளாரிட்டி: கண்ணுக்குத் தெரியுதா?

கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கீறல்களை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துத் தரம் போடுவார்கள். வி.வி.எஸ்-ஸுக்கும் வி.எஸ்-ஸுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. விலையில் நன்றாகவே தெரியும். 'புள்ளி இருக்கிற கல் ஆகாது' என்று வீட்டில் சொன்னால், வி.வி.எஸ் எடுப்பது உங்கள் விருப்பம். ஆனால், அதற்காக கட்டைக் குறைக்காதீங்க.

காரட்: சென்ட் கணக்கு

1 காரட் என்பது 100 சென்ட், அதாவது 0.2 கிராம். 18 காரட் தங்கம் என்பதில் வரும் காரட் வேறு. அது தங்கத்தின் தரம். 50 சென்ட், 1 காரட் போன்ற முழு எண்களில் விலை சட்டென்று ஏறும். 1 காரட்டுக்குப் பதில் 90 சென்ட் எடுத்தால், அகலத்தில் கால் மில்லிமீட்டர் அளவுதான் குறையும். விலை நன்றாகவே குறையும்.

இன்னொரு விஷயம். 'மொத்தம் 50 சென்ட்' என்றால், அது ஒரே கல்லா, பல பொடிக் கற்களா என்று கேளுங்க. ஒற்றைக் கல்லின் விலை பல மடங்கு அதிகம்.

லேப் வைரமா?

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அசல் வைரம்தான். அதே கார்பன், அதே கடினம். விலை மிகக் குறைவு, மறுவிற்பனை மதிப்பும் குறைவு. கண்ணாலோ, கடையில் வைக்கும் சாதாரண டெஸ்டராலோ இரண்டையும் பிரிக்க முடியாது. எனவே, 'இயற்கை' அல்லது 'லேப்' என்பதை பில்லில் எழுதி வாங்குங்க.

பில் போடும்முன்...

* ஜி.ஐ.ஏ, ஐ.ஜி.ஐ போன்ற ஆய்வகச் சான்றிதழ் கேளுங்க. அதன் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்க. கல்லின் விளிம்பில் அதே எண் லேசரில் பொறித்திருந்தால், லென்ஸில் காட்டச் சொல்லுங்க.
* ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு அல்ல. 18 காரட் என்றால் 750 முத்திரை இருக்க வேண்டும். 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி-யை 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் பார்க்கலாம்.
* தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, கல்லின் விலை, செய்கூலி நான்கும் பில்லில் தனித்தனியாக இருக்கணும். கல்லின் எடைக்கும் தங்க விலை போட்டுவிடக் கூடாது.
* திருப்பிக் கொடுத்தால் எத்தனை சதவிகிதம், பணமா, வேறு நகையா? எழுத்தில் வாங்குங்க. செய்கூலியும் ஜி.எஸ்.டி-யும் பொதுவாகத் திரும்பி வராது.

பட்ஜெட் இடித்தால் முதலில் சென்ட்டைக் குறைங்க, அடுத்து கிளாரிட்டியை. கடன் வாங்கிக் கல்லைப் பெரிதாக்க வேண்டாம், இ.எம்.ஐ கட்டப்போவது நீங்க ரெண்டு பேரும்தான்!