தானியங்கி நீரடைப்பு வால்வு

தானியங்கி நீரடைப்பு வால்வு என்பது வீட்டுக் குழாயில் கசிவோ உடைப்போ நேரும்போது, உணரியின் குறிப்பை ஏற்று நீர்வரத்தைத் தானாகவே நிறுத்தும் கருவி. உணரிகள் இருவகை: தரை ஈரத்தை அறிபவை, குழாயின் நீரோட்டத்தை அளப்பவை. சுவருக்குள் நிகழும் கசிவைப் பின்னதே பிடிக்கும். வால்வுகளில் சோலினாய்டு வால்வு, மோட்டார் பந்து வால்வு ஆகியவை முதன்மையானவை.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொல்லயில், பாறசாலைப் பகுதிகளில் கிணற்று நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றிப் புழங்கும் வீடுகளுக்குத் தேர்வில் அழுத்தமே முதல் கணக்கு. குழாயைவிடத் தொட்டி நீர்மட்டம் 4 மீட்டர் உயர்ந்திருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 0.4 பார்தான். பைலட் வகை சோலினாய்டு வால்வுகள் பல 0.3 முதல் 0.5 பார் அழுத்த வேறுபாட்டை வேண்டுபவை. குழாய் திறந்து நீர் ஓடும்போது அவ்வளவு மிஞ்சாது. கிணற்று மணலும் அவற்றின் நுண்துளையை அடைத்துவிடும். எனவே முழுத்துளை கொண்ட மோட்டார் பந்து வால்வே இவ்வீடுகளுக்கு உகந்தது. திறக்கவும் மூடவும் மட்டுமே அதற்கு மின்சாரம் தேவை. இடிமழைக்கால மின்தடையில் மின்கலத்தால் மூடிக்கொள்ளும் வகையை வாங்குவது நல்லது.

வால்வைத் தொட்டியின் வெளிக்குழாயில், கைவால்வை அடுத்துப் பொருத்துவர். கேரள நீர் ஆணையத்தின் குழாய் நேராகச் சமையலறைக்கு வந்தால் அதற்குத் தனி வால்வு தேவை. தொட்டி நிரம்பி வழிவதை இக்கருவி தடுக்காது. அது மிதவை சுவிட்சின் வேலை. மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் படிவு சேர்ந்து பந்து இறுகாது.