வீட்டுக்கு வந்த பல்தட ஒலிப்பதிவு

ஒலிப்பதிவின் தொடக்க காலத்தில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒரே கொம்புக் குழாயின் முன் கூடி இசைத்தனர். 1925இல் மின்வழிப் பதிவு வந்து மைக் புழங்கத் தொடங்கிய பின்னும் எல்லா ஒலியும் ஒரே தடத்தில் சேர்ந்தே பதிந்தது. ஒருவர் பிசகினாலும் பாட்டு முழுவதையும் மீண்டும் பாட வேண்டியிருந்தது.

1957இல் கிதார் கலைஞர் லெஸ் பால் பெற்ற ஆம்பெக்ஸ் எட்டுத்தட நாடா இயந்திரம் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிய வழிவிட்டது. 1979இல் டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ கருவி, சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தந்து வீடுகளுக்குள் நுழைந்தது.

தமிழகத்தில் வீட்டு ஒலிப்பதிவின் பெரும் சான்று, கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டையொட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன். 1992இல் வெளியான 'ரோஜா'வின் பாடல்கள் அங்கே உருவாயின. அதே காலத்தில் அலெசிஸ் நிறுவனத்தின் ஏடாட், வீடியோ நாடாவில் எட்டு டிஜிட்டல் தடங்களைப் பதிந்தது. அந்தக் கருவி மறைந்தாலும் அதன் ஒளியிழை இணைப்பு மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் தொடர்கிறது. ஒரே ஒளியிழையில் 48 கிலோஹெர்ட்ஸில் எட்டுத் தடங்களும் 96 கிலோஹெர்ட்ஸில் நான்கும் செல்லும்.

வீட்டுப் பதிவுக்கான இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுக்கவும் இந்த வரலாறே வழிகாட்டுகிறது. தொண்டியில் ஒரு வீட்டில் நாதஸ்வரக் கச்சேரியைப் பதிய, தவிலின் இருபுறமும் இரண்டு மைக், நாதஸ்வரத்துக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று என நான்கு உள்ளீடுகள் வேண்டும். கண்டென்சர் மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரமும் தேவை. ஏடாட் இணைப்புள்ள கருவியாக வாங்கினால், குழு பெருகும்போது மேலும் எட்டுத் தடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.