கம்ப்யூட்டரும் தண்ணி லாரியும்

தண்ணி லாரிக்குப் போன் போட்டுவிட்டு பால்கனியில் நின்று எட்டிப் பார்க்கும் பெங்களூர்த் தமிழர்களுக்கு இந்தப் பதிவு சமர்ப்பணம். கம்ப்யூட்டருக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

1946-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வால்வுகள். (தாத்தா வீட்டு வால்வு ரேடியோவின் பின்பக்கம் கை வைத்தவர்களுக்குச் சூடு புரியும்.) பெரிய கூடம் நிறைய இருந்த அந்த இயந்திரம் சுமார் 150 கிலோவாட் மின்சாரம் தின்றது. உள்ளே போன மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அதை ஊதித் தள்ளவே தனியாகக் காற்றூதிகள் வைத்தார்கள்.

அப்புறம் டிரான்சிஸ்டர், அதற்கப்புறம் சில்லு. எல்லாம் சிறிதாகச் சிறிதாக, ஒரே இடத்தில் சேரும் சூடு ஏறிக்கொண்டே போனது. அந்நாளைய பெரிய கம்ப்யூட்டர்களின் பைபோலார் சில்லுகள் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிப்பவை. 1980-ல் ஐபிஎம் அறிவித்த 3081-ல் ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஸ்பிரிங் அழுத்தும் ஓர் உலோக பிஸ்டன். இடுக்குகளில் காற்றைவிட சுமார் ஆறு மடங்கு நன்றாகச் சூடு கடத்தும் ஹீலியம். மேலே தண்ணீர் ஓடும் தகடு!

1981-ல் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேனும் பீஸும் இன்னும் துணிந்தார்கள். சிலிக்கானிலேயே தலைமுடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டார்கள். வாய்க்கால் குறுகினால், சுவரின் சூடு தண்ணீருக்குள் கடக்க வேண்டிய தூரமும் குறையும். சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட்டை அகற்றிக் காட்டினார்கள். நம் இஸ்திரிப் பெட்டியில் இது தோராயமாக 5 வாட்தான்.

அப்புறம் என்ன, உலகமே வாய்க்கால் வெட்டியதா? இல்லை. வேலை செய்யும்போது மட்டும் பெரும்பாலும் மின்சாரம் எடுக்கும் சிமாஸ் சில்லுகள் வந்துவிட்டன. 1994-ல் ஐபிஎம்மின் பெரிய இயந்திரங்களே சிமாஸுக்கு மாறி, காற்றுக்குத் திரும்பின. குழாய், பம்ப், ஒழுகுமோ என்ற பயம் எல்லாம் போச்சு.

நிம்மதி பத்து வருஷம்தான். 2004-ல் சூட்டுக்குப் பயந்து இன்டெல் தன் அடுத்த பென்டியம் திட்டத்தையே கைவிட்டது. 2008-ல் ஐபிஎம்மின் பவர் 575-ல் தண்ணீர் திரும்பி வந்தது. 2024-ல் என்விடியா அறிவித்த 72 சில்லு அலமாரி ஒன்றுக்கே சுமார் 120 கிலோவாட். எனியாக்கின் கூடம் இன்று ஒரு பீரோவுக்குள்!

இனிதான் தண்ணி லாரி. சில்லைத் தொடும் தண்ணீர் குழாய்க்குள்ளேயே சுற்றும், செலவாகாது. ஆனால் அது சுமந்து வரும் சூட்டைக் கூலிங் டவரில் ஆவியாக்கித் தணித்தால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் போய்விடும். ஒரு பீரோவுக்கு நாளைக்கு 4,300 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்று நாளைக்குக் காணாது.

தப்பிக்க வழி உண்டு. சில்லிலிருந்து சூடு எளிதாக இறங்கினால், வெதுவெதுப்பான தண்ணீரே போதும். அதை வெளிக்காற்றிலேயே ஆற்றிவிடலாம். மியூனிக் அருகே 2012-ல் சூப்பர்மக் இப்படித்தான் சுமார் 40 டிகிரித் தண்ணீரில் ஓடியது. சென்னைக் கத்திரியில் காற்றே 42 டிகிரி. அங்கே சில்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே குறைக்கும் ஒவ்வொரு டிகிரியும், ஏதோ ஒரு தெருவுக்கு மிச்சமாகும் குடம்.

பிள்ளை மெக்கானிக்கல் எடுக்கிறேன் என்றால், உடனே முகம் சுளிக்காதீர்கள் மக்களே!